இரண்டாயிரம் ஊசிக்கு ஆகும் எண்ணெய்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் எஞ்சினை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், யாருடைய உதவியும் இல்லாமல், என் இரண்டு கைகளாலேயே கொன்றவன் நான். அடுத்தவன் காராக இருந்திருந்தால் பழி வாங்கினேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். என்னுடைய கார். கொல்வதற்கு நான் பயன்படுத்தியது இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போட்ட பொருள்: பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய். அந்த எண்ணெயைப் பற்றித் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் நிற்காமல் பேசத் தெரியும். அன்றைக்குப் பேசவும் செய்தேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். மண்ணரையில் வாடகை வீடு. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நூல் வரவில்லை என்றால் முதலாளி திட்டுவதற்கும், துணி போகவில்லை என்றால் பார்ட்டி திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள். மீதி நேரத்தில் புத்தகம் படிப்பேன். இரண்டு மூன்று சின்னப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் என் மைத்துனர்.

அந்த வருடம் தை மாதத்தில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தது. பங்குனியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். கதிர்வீச்சு என்று எழுதலாம். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு தரம், மொத்தம் இருபத்தைந்து தரம். படுக்க வைத்து இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காகப் போக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வர ஐம்பத்தைந்து.

முதல் நாளே டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "நடுவுல ஒரு நாள்கூட விடக் கூடாதுங்க. புரியுதுங்களா? ஒரு நாள்கூட."

"விட்டா என்னங்க ஆகும்?"

"விடாதீங்க."

இப்படி ஒரு உரையாடலைக் கதையில் படித்திருந்தால் எழுதியவரின் சிக்கனத்தைப் பாராட்டியிருப்பேன்.

எங்கள் மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடப் பரீட்சை. வர வேண்டாம் என்று தாயே சொல்லிவிட்டாள். ஆக நான், என் மனைவி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சின்ன வெள்ளைக் கார். எங்கள் மூவரில் உருப்படியாக இருந்தது கார் ஒன்றுதான். எது வேண்டுமானாலும் கெட்டுப் போகட்டும், ஐந்து வாரத்துக்கு இது கெட்டுப் போகக் கூடாது என்று தினமும் அதன் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன்.

காரில் எனக்கு ஓட்டுகிற வேலையோடு இன்னொரு வேலையும் உண்டென்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்வேன். அவிநாசி வரைக்கும் யூனிட்டில் நடந்த கூத்து. கருமத்தம்பட்டி வரைக்கும் புத்தகத்தில் படித்தது. அதற்கப்பால் சொந்தச் சரக்கு. அவள் மடியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். எப்போதாவது "ம்" என்பாள். அதைக் கைதட்டலில் சேர்த்துக்கொள்வேன்.

பத்து நாள் முடிந்தது. சனிக்கிழமை. சும்மா இருக்க முடியாமல் காரின் முன்மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது.

இதை மற்றவர்களுக்குப் புரிய வைப்பது கொஞ்சம் கஷ்டம். நிட்டிங் மெஷினிலிருந்து துணி வெள்ளைவெளேரென்று இறங்கும். அதன்மேல் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய் விழுந்தால் அந்த ரோல் முழுக்க ரிஜெக்‌ஷன். இருபத்திரண்டு வருடமாகக் கறுப்பு எண்ணெயைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். கார் எஞ்சினில் எண்ணெய் கறுத்துத்தான் இருக்கும், அழுக்கைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே என்னவோ கறுத்துப் போய்க் கிடக்கிறது, அதை உடனே வெளியே எடுத்தாக வேண்டும் என்பதுதான்.

வழக்கமான மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் போனபோது கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பையோடு நின்றார். கம்பியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது இப்படித்தான் இருக்கும். இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு கொறையும் இல்ல. நான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேன். வியாழக்கிழம வந்து மாத்தித் தாரேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணையும் தொடாதிய."

"நான் எதுக்குங்க தொடறேன்" என்றேன்.

அவர் பஸ் ஏறிய கையோடு கடைக்குப் போய் மூன்றரை லிட்டர் ஆயில் டப்பா ஒன்று, ஃபில்டர் ஒன்று, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வாங்கி வந்தேன். காரோடு வந்த புத்தகத்தை எடுத்து இரண்டு தரம் படித்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வாஷர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம், பார்த்து எடுத்துவிடவும் என்று அதில் ஒரு வரி இருந்தது. கச்சிதமான வரி. பென்சிலால் அடிக்கோடு போட்டேன். பிடித்த வரிக்குக் கோடு போடுகிற வழக்கம் எனக்கு உண்டு. அதன்படி நடக்கிற வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. இரண்டு சிமெண்ட் கட்டைகளின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்திவிட்டுக் காருக்கு அடியில் படுத்தேன். எதிர்வீட்டுக்காரர் பல்குச்சியோடு வந்து குனிந்து பார்த்தார். அவர் வீட்டின் முன்பக்கத்தில் நாலு தையல் மெஷின் போட்டுக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்.

"ஏனுங்க, சாவி கீவி விழுந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. ஆயில் மாத்தறேன்."

"நீங்களா?"

அவரே போய் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்து போட்டார். வெட்டின துணியில் மிஞ்சுகிற துண்டுகள். எங்கள் ஊரில் கார் துடைப்பதிலிருந்து மூக்குச் சிந்துவது வரை எல்லாம் அதில்தான். ஏதோ ஒரு குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கு அச்சடித்த துணி. துண்டுக்குத் துண்டு ஒரு மஞ்சள் வாத்து.

"கறுப்பு ஆயிலு மேல பட்டாப் போகாதுங்க. பழைய சட்ட போட்டுட்டு எறங்கியிருக்கலாமுங்க."

"இது பழைய சட்டைதானுங்க."

"அப்புடீங்களா" என்றார். நான் அந்தச் சட்டையில்தான் யூனிட்டுக்குப் போவேன் என்பது அவருக்குத் தெரியும்.

இறங்குகிற எண்ணெயைப் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும். வாளி உயரம் அதிகம், காருக்கு அடியில் போகவில்லை. வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பேசின். கரண்ட் வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு எப்போது வாந்தி வரும் என்று சொல்ல முடியாததால் அங்கே வைத்திருந்தது. கழுவிக் காய்ந்து சுத்தமாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. யோசிக்காமல் எடுத்து வந்தேன் என்று சொன்னால் பொய். யோசித்தேன். அரை மணி நேரத்தில் கழுவித் திருப்பி வைத்துவிடலாம் என்று யோசித்தேன்.

போல்ட்டைத் திருகினேன். எண்ணெய் முதலில் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போய், மிச்சம் பேசினுக்குள் இறங்கியது. பாதி இறங்கியிருக்கும்போது உள்ளேயிருந்து "ஏனுங்க" என்று சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் அவசரமாக இன்னொரு "ஏனுங்க."

ஓடினேன். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பாத்ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். பிடிக்கப் போனேன். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல் வரை கறுப்பு. பிடிக்க முடியவில்லை. முழங்கையை நீட்டினேன். அதிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சுவரையே பிடித்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ துப்பாக்கி காட்டிய மாதிரி நடந்தேன்.

எல்லாம் முடிந்து, வாய் கொப்பளித்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"பேசன் எங்கீங்க?"

"காருக்கு அடியில இருக்குது."

என் கைகளைப் பார்த்தாள். "அதுக்கும் வாந்தியாங்க?"

அந்த ஐந்து வாரத்தில் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே நல்ல நகைச்சுவை அதுதான். நான் சொன்னதில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு, வைத்தேன் என்று எப்படிச் சொல்வது, அவளாகவே படுத்துக்கொண்ட பிறகு, திரும்பிப் போய்ப் படுத்தேன், காருக்கு அடியில். ஃபில்டர் வழுக்கியது. காலருக்குப் போடுகிற ரிப் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், வந்துவிட்டது. அந்தத் துணியின் பிடிமானத்தைப் பற்றி எதிர்வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை சொன்னேன். புது ஃபில்டரை மாட்டினேன். போல்ட்டை இறுக்கினேன். மேலே வந்து புது எண்ணெய் மூன்று லிட்டர் ஊற்றினேன். உள்ளே ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் என் கையால் ஒரு காரியம் ஒழுங்காக நடந்ததாக நான் நம்பிய நேரம் ஏறக்குறைய இருபது நொடி.

"ஏனுங்க! ஆயிலு போகுதுங்க! ஆப் பண்ணுங்க! ஆப் பண்ணுங்க!"

ஆப் பண்ணிவிட்டு இறங்கிப் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து வாசல் வரைக்கும் தேன் நிறத்தில் ஒரு ஓடை. அதில் மஞ்சள் வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புது வாஷரை வைத்து இறுக்கியிருந்தேன். பென்சில் கோடு போட்ட அதே வரி.

வாஷரை நகத்தால் பெயர்த்து எடுத்து, ஃபில்டரை மறுபடி மாட்டினேன். அது சரியாகிவிட்டது. ஆனால் எண்ணெய் தரையில் இருந்தது. டப்பாவில் மிச்சம் இருந்த அரை லிட்டரை ஊற்றியும் கம்பியின் நுனி நனையவில்லை. இன்னும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும்.

பெட்ரோல் பங்க் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அங்கே ஆயில் கிடைக்கும். என்னிடம் ஒரு மொபெட் ஓடுகிற நிலையில் இருந்தது. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் என் மானம் கொஞ்சம் மிஞ்சும். சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. எங்கள் யூனிட்டுக்கு எண்ணெய் விற்கிற ஏஜென்ட் சாம்பிளுக்குக் கொடுத்தது. கேட் கீலுக்கும், மனைவியின் தையல் மெஷினுக்கும் விட்டுக்கொண்டிருந்தோம். மூடியைத் திறந்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு மாசு கிடையாது. துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். கடல் தாண்டி வந்த சரக்கு. கார் எண்ணெயை விட விலை. அதைக் கையில் எடுத்தபோது, இத்தனை நேரம் இது தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர் கேனைப் பார்த்தார். "இது நிட்டிங்குக்கு ஊத்தறதுங்களே?"

"ஆமாங்க. ஒரு நிட்டிங் மெஷின்ல எத்தன ஊசி இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்."

"எனக்கென்னங்க தெரியும். நான் தைக்கறவன். எனக்கு ஒரு ஊசிதானுங்க."

"ரெண்டாயிரத்துக்கு மேலங்க. அத்தனையும் ராப்பகலா ஏறி எறங்குது. ஒரு ஊசி தேய்ஞ்சாலும் துணியில கோடு விழுந்துரும். அத்தனைக்கும் இந்த எண்ணெய் ஒண்ணுதான். கார்ல என்ன இருக்குது? மூணு பிஸ்டன். ரெண்டாயிரம் ஊசிக்கு ஆகறது மூணு பிஸ்டனுக்கு ஆகாதுங்களா?"

பல்குச்சியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். "ஆகுமுங்க. ஆனா ஊசிக்குள்ள நெருப்பு எரியறதில்லீங்களே."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு அது மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு லிட்டர் ஊற்றினேன்.

கம்பியை உருவினால், நுனியில் எண்ணெய் வெளிறிப் போய்ச் சுத்தமாகத் தெரிந்தது. அதைக் கொண்டுபோய்ப் படுத்திருந்தவளிடம் காட்டினேன். "பாரு, நேத்து எப்புடி இருந்துச்சு, இப்ப எப்புடி இருக்குது. உள்ள ஒரு அழுக்கு இல்ல."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க. பேசனக் கழுவீட்டீங்களா?"

சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் கழுவினேன். உள்பக்கத்தில் ஒரு கறுப்பு வளையம் நின்றுவிட்டது. வாசனையும் போகவில்லை. வேறு வழியின்றிப் புதுப் பேசின் வாங்க மொபெட்டில் கிளம்பினேன். வழியில் அந்தப் பெட்ரோல் பங்க் இருந்தது. கண்ணாடி அலமாரியில் ஆயில் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். பார்த்தேன். தாண்டிப் போனேன். பச்சை நிறத்தில் ஒரு பேசின் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தேன். அலமாரி அங்கேயேதான் இருந்தது.

திங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். எட்டரைக்கு அவள் முறை. வண்டி பூப்போல ஓடியது. அவிநாசி வரைக்கும் அன்றைய தலைப்பே அதுதான்: சொந்தக் கையால் எண்ணெய் மாற்றினால் ஓட்டுகிறவனுக்கும் வண்டிக்கும் ஏற்படுகிற உறவு. அவள் பச்சைப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவள்தான் பார்த்தாள். "அது என்னங்க, செகப்பா மினுக்மினுக்குங்குது?"

எண்ணெய் விளக்கு. "புது ஆயில் ஊத்துன சந்தோஷத்துல கண்ணடிக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நின்று எரிந்தது. பல்பில் கோளாறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த கதையைத் தொடங்கினேன். அப்போதே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும் என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். நான் கதையின் நடுவில் இருந்தேன். கருமத்தம்பட்டி தாண்டியதும் முன்னால் டக் டக்கென்று ஒரு சத்தம். மெஷினில் ஊசி முறிகிற சத்தத்தை நூறு அடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவன் நான். இது என்ன சத்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து நான் ஓரம் கட்டுவதற்குள், ஒரு தரம் கிறீச்சிட்டு, வண்டி தானாகவே நின்றது. அதற்கப்புறம் அது எப்போதும் ஓடவில்லை.

செல்போன் வந்துவிட்ட காலம். என்னிடம் இல்லை. செல்போனில் பேசிக்கொண்டே நடக்கிறவர்களைப் பற்றி ஒரு சிரிப்புக் கட்டுரை எழுதியிருந்தேன், எழுதிய பிறகு வாங்குவதற்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மில்லின் சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு முழம் நிழல் இருந்தது. அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு ரோட்டில் நின்று கை காட்டினேன். பஸ் எதுவும் நிற்கவில்லை. கார்க்காரர்கள் என் கையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பங்குனி வெயில் ஏற ஏற நிழல் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகியது. அவள் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். மூன்றாவது தரம் வெறும் தண்ணீர். ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கே நின்றோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது அந்த ஐந்து வாரத்தில் அதுதான் முதல் தடவை.

கடைசியில், மில்லுக்கு நூல் ஏற்றப் போகிற காலி டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறொன்றும் கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

பத்தரை மணிக்கு நர்ஸ் பிரஷர் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல தண்ணியே இல்லீங்க. இன்னிக்கு வேண்டாம். டிரிப்ஸ் ஏத்தி அனுப்பறேன், நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"டாக்டர், ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றார். "வெயில்ல எதுக்குங்க இவங்கள நிக்க வெச்சீங்க?"

வண்டி நின்றுவிட்டது என்றேன். எதனால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரண்டாயிரம் ஊசி என்று தொடங்கியிருப்பேனோ என்னவோ. பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணி வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்து தண்ணீர் போல இருந்தது. ஒரு மாசு இல்லை.

மெக்கானிக் வியாழக்கிழமை வந்து, கட்டி இழுத்து வந்திருந்த காரைத் திறந்து பார்த்தார். "என்னத்த ஊத்துனிய அண்ணாச்சி?"

சொன்னேன்.

ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லெண்ணெய ஊத்தியிருந்தாலும் ரெண்டு தோசயாவது சுட்டிருக்கலாம்" என்றார். கிராங்க் போய்விட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அந்த வெள்ளைக் கார் சிமெண்ட் கட்டைக்குப் பக்கத்திலேயே வருடக் கடைசி வரைக்கும் நின்றது. அதன் அடியில் தரை இன்றுவரைக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.

மீதி எல்லா நாளும் பஸ்தான். விட்டுப்போன ஒரு நாளைக் கடைசியில் சேர்த்து இருபத்தைந்தையும் முடித்தார்கள். இரண்டு வருடம் அவள் நன்றாக இருந்தாள். அப்புறம் அது திரும்ப வந்தது. இந்தத் தடவை கரண்ட் வைக்க இடமில்லை என்றார்கள். ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, எந்த வேலையும் இல்லாமல், டோக்கன் வாங்கிக்கொண்டு அந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுங்களே, அதனாலயா டாக்டர்?"

அவருக்கு நினைவில்லை. "எந்த நாள்?" என்று ஃபைலைப் புரட்டினார். தேடிக் கண்டுபிடித்து, "இதுங்களா? ஒரு நாள்ல என்னங்க ஆகப்போகுது. அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஒரு நாள்கூட என்று இரண்டு தரம் சொன்னவரும் இவரேதான். எந்த டாக்டரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் இவரை நம்புவேன். பெரும்பாலான நாள் அவரைத்தான்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கோயமுத்தூர் போகிற கூட்டத்தில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது. பஸ்ஸின் முன்னால் பெண்கள் பக்கம் அவளுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டிரைவர் சத்தமாகப் பாட்டுப் போட்டுவிடுவார். அவளுடைய தலையின் பின்பக்கம் மட்டும் தெரியும். மடியில் அந்தப் பச்சைப் பேசின் இருக்கும், அது தெரியாது. காரில் சுகமாகப் போய்வந்தவளை இப்படி இடிபட வைத்துவிட்டேனே, ஒரு வார்த்தை பேசக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று, அவிநாசி வரைக்கும் ஒரு தரம், கருமத்தம்பட்டி வரைக்கும் ஒரு தரம், அதற்கப்பால் ஒரு தரம் என்று ஒழுங்காக நொந்துகொண்டு போவேன்.

இருபத்தைந்தாவது நாள் திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மூன்று வாரத்துக் கடனாக ஒரு மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். தொடங்கினேன். "நான் மட்டும் அன்னிக்குக் காரைத் தொடாம இருந்திருந்தா, நீ இத்தன நாளும் இப்புடிப் பஸ்ல..."

"அத விடுங்க" என்றாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு பஸ்தானுங்க தேவலையா இருந்துச்சு. கார்ல நீங்க பேசீட்டே வருவீங்க. சிரிக்கறதுக்குந் தெம்பு வேணுமில்லீங்களா."